ஒருதலை நட்பு

புதுச்சேரி மக்களின் குணம் கெட்டுப்போய்விட்டது என்பதை அரசாங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தது. அன்று காலையில் ஒரு மந்திரியின் கார் நேரு வீதி முனையில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளுவதற்கு யாரும் வரவில்லை. ஊரில் அன்பு குறைந்துவிட்டது என்று மந்திரிக்குத் தோன்றியது. கார் நின்றதே டீசல் இல்லாமல்தான் என்று டிரைவர் சொன்னபோது, சிக்கனமும் குறைந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். கூட வந்த கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு ஆட்டோ பிடித்துப் போய்விட்டதைப் பார்த்து நட்பின் நிலையையும் தெரிந்துகொண்டார். அந்த மாதமே நற்பண்பு மேம்பாட்டு இயக்ககம் தொடங்கப்பட்டது. அதில் அன்புப் பிரிவு, சிக்கனப் பிரிவு, நட்புப் பிரிவு என்று மூன்று பிரிவுகள். காருக்கு டீசலும் போடப்பட்டது.

கடற்கரைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர் காலத்து மஞ்சள் கட்டடம் ஒன்றில் இயக்ககம் குடியேறியது. முன்னோர் சொன்ன பழமொழிகளை மக்கள் கண்ணில் படும்படி வைத்தால் குணம் தானாகத் திருந்தும் என்பது அதன் கொள்கை. ஊரெங்கும் பலகைகள் முளைத்தன. மூடிக் கிடந்த ரேஷன் கடைக் கதவில் ‘தனக்கு மிஞ்சித்தான் தானம்’ என்று எழுதினார்கள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்று வைத்தார்கள். மீன்காரப் பெண்கள் அதில் கூடையை மாட்டி வைத்துக்கொண்டார்கள். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தில் ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று வைத்தார்கள். அதுவரை திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டி வந்தவர்கள் இனி அளவாகக் கொட்டினால் தப்பில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஊர் இயக்ககத்துக்குப் பழமொழி ஆபீஸ் என்று பேர் வைத்துவிட்டது.

குத்புதீனுக்கும் பழமொழிகளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முல்லா வீதிப் பக்கம் சின்னக் கடை போட்டு, ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் சீட் உறை தைக்கிறவர் அவர். பேச்சு குறைவு. அவருக்கு இருந்த ஒரே சினேகிதர் விஜயராகவனுக்கு அதைவிடப் பேச்சு குறைவு. மில்லில் வேலை பார்த்தவர் விஜயராகவன். மில் மூடிய பிறகு ஒரு லாட்ஜில் காவலாளியாகப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரியாங்குப்பத்தில் வாடகை அறை ஒன்றில் இருந்தார்.

சாயங்காலமானால் இரண்டு பேரும் பெத்தாங் விளையாடுவார்கள். சின்னக் கட்டை உருண்டை ஒன்றைத் தூரப் போட்டுவிட்டு, இரும்புக் குண்டுகளை அதற்குக் கிட்டே யார் கொண்டு சேர்ப்பது என்பதுதான் ஆட்டம். வெள்ளைக்காரன் இங்கே விட்டுவிட்டுப் போனவற்றில் யாருக்கும் தொந்தரவில்லாதது அது ஒன்றுதான். விளையாடி முடித்ததும் விஜயராகவன் தன் குண்டுகளைத் துடைத்து குத்புதீன் கடையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போவார். நாளைக்கு வருகிறேன் என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை. வருவார் என்று இவருக்குத் தெரியும்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் விஜயராகவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குத்புதீன் கடையைச் சாத்திவிட்டு அரியாங்குப்பம் போனார். வீட்டுக்காரர், போலீஸ் வம்பு ஏதாவது இருக்கும் என்று பயந்து, அப்படி ஒரு ஆள் இங்கே இருந்ததே தனக்கு நினைவில்லை என்றார். பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிற அம்மாள்தான் சொன்னாள். வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தார், வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது என்று. அவருடைய பையையும் போனையும் அதற்குள் யாரோ எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். அதனால் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் விஜயராகவன் ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்ற பேரில் இருந்தார்.

பிணவறைக் குமாஸ்தா நல்ல மனிதர். அவர் தலைக்கு மேல் பழமொழி ஆபீஸின் பலகை ஒன்று புதுப் பெயின்ட் வாசனையோடு தொங்கியது. ‘மனமிருந்தால் புளிய இலையில் இரண்டு பேர் படுக்கலாம்’ என்று அதில் எழுதியிருந்தது. குத்புதீன் அதை நோயாளிகளுக்குச் சொன்னது என்று நினைத்தார். குமாஸ்தா ஒரு பெட்டியை இழுத்துக் காட்டியபோதுதான் அது யாருக்கு என்று தெரிந்தது. விஜயராகவன் பக்கத்தில் நரைத்த மீசையோடு இன்னொருவர் ஒருக்களித்துக் கிடந்தார். சிக்கனப் பிரிவின் உத்தரவு அப்படி என்றார் குமாஸ்தா.

இது என் சினேகிதர், எடுத்துக்கொண்டு போய் முறைப்படி எரித்துவிடுகிறேன் என்று குத்புதீன் கேட்டார். போலீசுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ரத்த சொந்தம் யாராவது வந்தால்தான் தரமுடியும் என்றார் குமாஸ்தா. சொந்தம் என்று யாரும் இல்லை என்றார் குத்புதீன்.

குமாஸ்தாவால் நம்ப முடியவில்லை. “பாண்டிக்காரனுக்கு பிரான்சுல ஒரு சொந்தம்கூடவா இல்லாம பூடும்?”

“இல்லீங்க சார். நான்தான்.”

நல்ல வேளையாக இந்த வருஷத்தை நட்பு ஆண்டு என்று அறிவித்திருக்கிறார்கள் என்றார் குமாஸ்தா. போன வருஷமாக இருந்தால் நண்பருக்கெல்லாம் கொடுக்க வழியே இல்லை. இந்த வருஷம் பழமொழி ஆபீசில் நட்புச் சான்று வாங்கி வந்தால் கொடுத்துவிடலாம். சீக்கிரம் வாங்கிவிடுவது நல்லது என்றும் சொன்னார். ஏனென்றால் தேடி ஆள் வராத உடல்களுக்கு மத்தியானத்தில் குளிர்ப்பெட்டியை நிறுத்தி வைக்கிறார்கள். சிறுதுளி பெருவெள்ளம்.

“அதான் நான் தேடி வந்துட்டேனே சார்” என்றார் குத்புதீன்.

“நீங்க வந்துட்டீங்க பாய். நீங்க யாருன்னு காகிதம் இன்னும் வரலியே.”

மறுநாள் காலையிலேயே குத்புதீன் மஞ்சள் கட்டடத்துக்குப் போனார். லிஃப்டில் ‘ஓடும் காலுக்கு நோய் இல்லை’ என்று எழுதிப் பூட்டியிருந்தார்கள். இப்படி ஒரு பழமொழியை யாரும் கேள்விப்பட்டதில்லை. லிஃப்டுக்குப் பொருத்தமாக ஏதும் கிடைக்காததால் இயக்ககமே ஒன்றைத் தயாரித்துக்கொண்டது. இதுவும் சிக்கனப் பிரிவின் ஏற்பாடுதான். அந்தப் பிரிவின் அறை இருட்டாக இருந்தது. அங்கே ஆள் யாரும் இல்லை. சிக்கனத்தை முன்னிட்டு அந்தப் பிரிவுக்கு ஆளே போடவில்லை என்றும், உத்தரவுகள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன என்றும் படியில் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள்.

நட்புப் பிரிவின் முன்னால் காத்திருந்து காத்திருந்து மத்தியானம் ஆயிற்று. குத்புதீன் கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரம் பெட்டியை நிறுத்தியிருப்பார்கள். ஒருவழியாக அவர் முறை வந்தபோது மணி மூன்றடித்தது. உடனே எல்லாச் சன்னல்களும் மூடிக்கொண்டன. ஊழியர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். அது அன்பு நேரம். மூன்று மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு, வந்திருக்கும் பொதுமக்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவராக வந்து குத்புதீன் கையைத் தொட்டு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்கள். அவர் இல்லை என்று சொல்வதற்குள் அடுத்தவரிடம் போனார்கள். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி மட்டும் இரண்டு முறை கேட்டார். அவர் அன்புப் பிரிவுத் தலைவர் கலைவாணன். பிரிவுத் தலைவர் என்பதால் அவருக்கு இரட்டைப் பங்கு. அன்பு முடிந்தபோது ஆபீஸ் நேரமும் முடிந்திருந்தது.

நட்புப் பிரிவின் கண்காணிப்பாளர் சுமலதாவை அவர் பார்க்க முடிந்தது அடுத்த நாள்தான். களைத்துப்போன பெண்மணி. ஊழியர்களே நட்புக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததிலிருந்து அவருக்கு வேலை தாங்கவில்லை. பணி மூப்புப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நண்பரை ஒதுக்க வேண்டும். காரைக்கால்காரர்கள் பாண்டி நண்பர் வேண்டும் என்று மனுப் போடுகிறார்கள். சுமலதாவுக்கே ஒதுக்கப்பட்ட நண்பர் ஏனாமுக்கு மாற்றலாகிவிட்டார். பதிலுக்கு வந்தவர் ஓய்வு பெறப் போகிறவர். புதிதாகப் பழகி என்ன ஆகப் போகிறது என்று சுமலதா சும்மா விட்டுவிட்டார்.

அவர் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ உண்டா? இல்லை. பண்டிகைக்குப் பரிசு கொடுத்துக்கொண்டதுண்டா? ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்திருக்கிறார், பாத்திரம் திரும்பி வந்துவிட்டது. சண்டை போட்டுச் சமாதானம் ஆனதுண்டா? சண்டை வந்ததில்லை.

“அப்ப இத்தினி வருசமா ரெண்டு பேரும் இன்னாதான் பேசிக்குவீங்க?”

குத்புதீன் யோசித்தார். “கிட்ட வுழுந்துச்சா, தூரப் பூடுச்சான்னு பேசிக்குவோம். வேற ஒன்னும் ஞாபகம் இல்லம்மா.”

சுமலதா பேனாவை வைத்துவிட்டு அவரைச் சிறிது நேரம் பார்த்தார். பொறாமையாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு, பரவாயில்லை, இரண்டு தரப்பும் நேரில் வந்து ஒப்புக்கொண்டால் போதும், அந்த விஜயராகவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அவர் செத்துப்போனதால்தானே நான் வந்திருக்கிறேன் என்றார் குத்புதீன்.

“புரியுது பாய். ஆனா அவரு வாயால சொல்லலன்னா, அது ஒருதலை நட்பாயிடும்.”

அதோடு இன்னொரு சிக்கலும் கிளம்பியது. குத்புதீன் பேரையும் இறந்தவர் பேரையும் சேர்த்துப் பார்த்த சுமலதா, இது நட்பில் வராது, மத நல்லிணக்கத்தில் வரும், அது வேறு இலாகா, மேல் மாடி என்று சொல்லிவிட்டார். குத்புதீன் மாடி ஏறினார். முழங்கால் வலித்தது. மேல் மாடியில் நல்லிணக்க அதிகாரி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எந்தக் கலவரத்தின்போது ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டீர்கள் என்று ஆவலோடு கேட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார் குத்புதீன். அதிகாரியின் முகம் விழுந்துவிட்டது.

“மொதல்ல ஒரு பிணக்கு இருந்தாத்தானே பாய் இணக்கம்? நீங்க பாட்டுக்கு சும்மா இருந்திருக்கீங்க. இத வச்சிகினு நான் இன்னா பண்றது?” என்று அவர் கீழே திருப்பி அனுப்பினார்.

சாயங்காலம் குத்புதீன் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். பார்க்க வேண்டாம் பாய் என்றார் குமாஸ்தா. அவர் அப்படிச் சொன்ன விதத்திலிருந்து குத்புதீனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, மனைவி ஜஹபர் நிஷா போட்ட சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, இன்னும் விசாரிக்கிறார்கள் என்றார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. உடம்பு முழுக்க, காலை மடக்கி உட்கார்ந்தே மரத்துப்போன மாதிரி இருந்தது.

சுமலதா ஒரு நன்மை செய்தார். விஷயத்தை இயக்குநரின் குழுவுக்கே அனுப்பிவிட்டார். இயக்குநர் தெய்வசிகாமணியின் அறையில் மட்டும் குளிர்சாதனம் ஓடியது. சிக்கனத்தைப் பற்றிச் சிந்திக்கக் குளிர்ந்த மூளை வேண்டும் என்று அதற்குத் தனியாக அனுமதி வாங்கியிருந்தார்கள். மேசையைச் சுற்றி அறிஞர்கள் சிலர் முந்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறை நன்றாகச் சில்லென்று இருந்தது. விஜயராகவனை இங்கே கொண்டுவந்து கிடத்தினால் கெடாமல் இருப்பார் என்று குத்புதீனுக்கு ஓர் எண்ணம் வந்து போனது.

தெய்வசிகாமணி எழுந்து நின்று பேசினார். ஒரே ஒரு மனுதாரர் முன்னாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

“நட்பைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது பாய். எனக்கு நண்பர்களே கிடையாது. அதனாலதான் பாரபட்சம் இல்லாம முடிவெடுக்க முடியுது. சொந்தத் தம்பி மனுப் போட்டான், நிராகரிச்சேன். இன்னி வரைக்கும் அவன் பேசறதில்ல. நேர்மைக்கு நான் கொடுத்த விலை அது. இங்க ரத்தத்துக்கு எடம் கெடையாது, கண்ணீருக்கு எடம் கெடையாது. முன்னோர் சொன்ன வாக்கு ஒன்னுதான் சட்டம். அந்த வாக்கு இன்னான்னு நீங்களே சொல்லுங்க. நட்பைப் பத்தி ஒரு பழமொழி.”

குத்புதீனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இத்தனை நாள் படியேறி இறங்கியதில் பழமொழிகளையெல்லாம் சுவரில் பார்த்துப் பார்த்து, அவை கண்ணில் பட்டாலே தலை சுற்றியது. கடைசியில் இந்த அறையின் சுவரில் இருந்ததையே படித்துவிட்டார்.

“உயிர் காப்பான் தோழன்.”

“சபாஷ்” என்றார் தெய்வசிகாமணி. “விஜயராகவன் உயிரோட இருக்காரா?”

“இல்லீங்க.”

“அப்ப நீங்க காப்பாத்தல.”

“அவரு அரியாங்குப்பத்துல வுழுந்தாரு சார். நான் கடையில இருந்தேன்.”

“எடத்தப் பத்தி முன்னோர் ஒன்னும் சொல்லல. காப்பான் தோழன்னு சொல்லியிருக்காங்க. நீங்க காக்கல. அதனால நீங்க தோழன் இல்ல.”

அறிஞர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் முந்திரியை விழுங்கிவிட்டு, இவ்வளவு தெளிவான தீர்ப்பைத் தான் கேட்டதில்லை என்றார். தெய்வசிகாமணிக்கே மனம் இளகிவிட்டது. மேசையைச் சுற்றி வந்து, குத்புதீன் தோளைத் தட்டி, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மணி மூன்று ஆகியிருந்தது.

குத்புதீன் படியில் இறங்கினார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. இயக்குநர் சொன்னது சரியாக இருக்குமோ என்றுதான் தோன்றியது. அந்த மத்தியானம் கடையில் உட்கார்ந்து ஓர் ஆட்டோ சீட்டுக்குச் சிவப்பு உறை தைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் ராகவன் தார் ரோட்டில் கிடந்திருக்கிறார்.

பாதிப் படியில் அவரை யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அன்புப் பிரிவுத் தலைவர் கலைவாணன். அன்பு நேரம்தான், ஆனாலும் அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. மந்திரி மறுநாள் காலையில் வருகிறார் என்றார். ‘முகம் தெரியாதவருக்கு முன்வந்த கை’ என்று அன்புப் பிரிவில் ஒரு திட்டம். கேட்பாரற்ற உடலை, சம்பந்தமே இல்லாத ஒருவர் முன்வந்து அடக்கம் செய்ய வேண்டும். திட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு கைகூட முன்வரவில்லை. மந்திரி வந்து பார்க்கும்போது ஒரு கையாவது வேண்டும். நீங்கள் பார்க்க நல்ல மனிதராகத் தெரிகிறீர்கள், தாடியும் இருக்கிறது, போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று கெஞ்சினார். ஆஸ்பத்திரியில் ஓர் ஆண் உடல் இருக்கிறது. உறவு வேண்டாம், சான்று வேண்டாம், எந்தக் காகிதமும் வேண்டாம்.

“ஒன்னே ஒன்னுதான் பாய். செத்தவர உங்களுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சவருக்குச் செஞ்சா அது அன்பு ஆவாது, நட்பாயிடும். நட்ப நாங்க தொடறதில்ல. பொய் சொல்லி அன்பு காட்டினா கேசாயிடும். அவர உங்களுக்குத் தெரியுமா?”

குத்புதீன் கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி ஓடாத நேரம்.

“தெரியாதுங்க” என்றார்.

அன்புப் பிரிவும் நட்புப் பிரிவும் பேசிக்கொள்வதில்லை. ஆகவே மேலே நிராகரிக்கப்பட்டவர்தான் இவர் என்று கலைவாணனுக்குத் தெரிய வழியில்லை.

மறுநாள் காலையில் பிணவறை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பட்டப்பகலில் வரிசை வரிசையாக விளக்குகள் எரிந்தன. ஜெனரேட்டர் ஓடியது. குமாஸ்தா குத்புதீனைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். பிறகு கலைவாணனைப் பார்த்து மூடிக்கொண்டார். பெட்டியை இழுத்தார்கள். அதில் இரண்டு பேர் இருப்பது கலைவாணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டுமே ‘அடையாளம் தெரியாத ஆண்’. எதைக் கொடுப்பது என்று அவர் திணறினார். பிறகு, மீசைக்காரர் முகம் இன்னும் கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அவரையே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

“இந்தாண்ட இருக்கறவரு...” என்று குத்புதீன் கை நீட்டினார்.

“யாரா இருந்தா இன்னா பாய்? ரெண்டு பேரும் உங்களுக்குத் தெரியாதவங்கதானே?”

குத்புதீன் கையை இறக்கிக்கொண்டார். மீசைக்காரரைப் பார்த்தார். இத்தனை நாளும் ராகவன் பக்கத்தில், ஓடாத பெட்டியிலும் ஒண்டிக்கொண்டு கிடந்தவர். அவரைத் தேடி ஒருவரும் படி ஏறவில்லை.

“ரெண்டு பேரையும் குடுத்துடுங்க” என்றார்.

கலைவாணனின் கண்கள் விரிந்தன. ஒரே நாளில் அவருடைய திட்டம் இரட்டிப்பாகிவிட்டது. குத்புதீன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நிமிஷம் அவர் உண்மையாகவே அன்பாக இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

மந்திரி வந்தார். அன்பு என்பது தன் வீட்டில் தொடங்கி தன் தொகுதியில் முடிய வேண்டிய ஒன்று என்று பேசினார். பிறகு காமிரா முன்னால் குத்புதீன் உறுதிமொழி சொல்ல வேண்டியிருந்தது. சால்வை போட்டு இரண்டு பாடைகளுக்கும் நடுவில் அவரை நிறுத்தினார்கள். அவர் மீசைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, “இவர் யாருன்னு எனக்குத் தெரியாது” என்றார். அது உண்மைதான். ஆனால் காமிராக்காரர், குனிந்தால் முகம் விழவில்லை, நடுவில் பார்த்து “இவங்க” என்று சொல்லுங்கள் என்றார். குத்புதீன் நடுவில் பார்த்து மறுபடியும் சொன்னார். சத்தம் பதியவில்லை என்று இன்னொரு தடவையும் கேட்டார்கள். அப்போது அவர் உதடு நடுங்கியது. கலைவாணன் ஓடி வந்து காதோடு சொன்னார்.

“கண்ணு கலங்கறதோட நிறுத்திக்குங்க பாய். அது வரைக்கும் நம்ம பிரிவு. அழுதுட்டீங்கன்னா நட்புப் பிரிவாயிடும். அப்புறம் நான் பதில் சொல்ல முடியாது.”

குத்புதீன் கலங்குவதோடு நிறுத்திக்கொண்டார்.

கருவடிக்குப்பத்தில் சுடுகாட்டுக்காரர் இறந்தவர்களின் பேர் என்ன என்று கேட்டார். கலைவாணன் பக்கத்திலேயே நின்றார். பேர் தெரியாது என்றார் குத்புதீன். இரண்டு சிதைகளையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினார்கள். இரண்டுக்கும் அவரே தீ வைத்தார். புகை கண்ணில் பட்டு நிற்கிறவர்கள் எல்லோருக்குமே கண்ணீர் வந்தது. அவர் மட்டும் ஜாக்கிரதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். எரிந்து முடிவதற்குள் ஆபீஸ்காரர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் அவரால் அழ முடியவில்லை. அப்படியே வீட்டுக்கு நடந்து போனார்.

பத்திரிகையில் போட்டோ வந்தது. சால்வையோடு குத்புதீன், பக்கத்தில் கை கூப்பிய மந்திரி, கீழே வெள்ளைத் துணியில் யாரோ இரண்டு பேர். ஜஹபர் நிஷா அதை வெட்டி வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், கடையில் ஆட்டோ சீட் உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நட்புப் பிரிவிலிருந்து சுமலதா. அவர் குரலில் என்றைக்கும் இல்லாத சந்தோஷம் இருந்தது. பத்திரிகையில் வந்த போட்டோவை இயக்குநர் பார்த்தாராம். முகம் தெரியாதவர்களுக்கே இவ்வளவு செய்கிற ஆள் சினேகிதனுக்கு எவ்வளவு செய்திருப்பான் என்று மனம் மாறிவிட்டாராம். நட்பு ஆண்டின் முதல் சான்றை இவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டாராம்.

“ஒடனே பொறப்பட்டு வாங்க பாய். வந்து வாங்கிகினு, உங்க விஜயராகவன ஆஸ்பத்திரியிலேருந்து எடுத்துனு போயிடலாம்.”

குத்புதீன் மெஷினை நிறுத்தினார். அலமாரியின் கீழ்த்தட்டில் ராகவனின் குண்டுகள் துணியில் சுற்றியபடி இருந்தன. தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்குக் காட்டிய அன்பு பொய் அன்பாகிவிடும். கேஸ் வரும். சிதையில் வைத்தது யார் என்று விசாரிப்பார்கள். மீசைக்காரரையும் விடமாட்டார்கள்.

“யாரும்மா அது?” என்றார்.

“விஜயராகவன் பாய். நீங்கதானே இத்தினி நாளா நடந்தீங்க?”

“அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சுமலதா, அப்படியானால் மனுவை முடித்துவிடலாமா என்று கேட்டார். முடித்துவிடுங்கள் என்றார் இவர். அவர் ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. சுவர்க் கடிகாரம் மூன்றடித்தது.

“சாப்பிட்டீங்களா?” என்றார் சுமலதா.

“சாப்பிட்டேம்மா.”

போனை வைத்துவிட்டு குத்புதீன் வாசலைப் பார்த்தார். தெருவில் வெயில்தான் இருந்தது, ஆள் யாரும் இல்லை. ராகவா என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். தைத்துக்கொண்டிருந்த சிவப்பு உறையை மெஷினிலிருந்து உருவி, வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார்.